கேள்வியைத் திருப்பிச் சொல்லும் பொறி

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, இங்கிலாந்தில் கொரோனாத் தொற்று உறுதியான 15,841 பேர் அரசின் அன்றாடக் கணக்கில் ஏறாமலே போயினர். ஆய்வகங்கள் தம் வேலையைச் சரியாகவே செய்திருந்தன. நோயாளர்களுக்கும் முடிவு போய்ச் சேர்ந்திருந்தது. பழுது இடைவழியில் நேர்ந்தது. ஆய்வகங்கள் அனுப்பிய எளிய உரைக்கோப்புகளைப் பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்னும் பொதுச் சுகாதார அமைப்பு எக்செலின் பழைய கோப்பு வடிவத்தில் ஏற்றி அடுத்த கட்டத்துக்கு அனுப்பி வந்தது. அவ்வடிவில் ஒரு தாள் 65,536 நிரைகளுக்கு மேல் ஏற்காது. ஒருவருடைய முடிவே பல நிரைகளைப் பிடித்ததால், ஏறத்தாழ 1,400 பேருடன் தாள் நிரம்பியது. மிஞ்சியவை ஓசையின்றி உதிர்ந்தன. எந்த எச்சரிக்கையும் எழவில்லை. அந்த 15,841 பேருடன் பழகியவர்களைத் தேடிச் சென்று தனித்திருக்கச் சொல்ல வேண்டிய பணி, தொற்று வேகமெடுத்த அதே வாரத்தில் பிந்திப்போனது.

எண்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் படியெடுத்துப் படியெடுத்தே அறிக்கை எழுதும் பழக்கம் உலகெங்கும் உண்டு. அரசு அலுவலகத்திலும் உண்டு, ஆலையிலும் உண்டு, வங்கியிலும் உண்டு. இப்பழக்கத்துக்கு இன்று இரண்டு மாற்றுகள் முன்வைக்கப்படுகின்றன. நிறுவனத்தின் தரவு முழுவதையும் ஒரே இடத்தில் வைத்து ஆளும் ஒருங்கிணைந்த தரவு மேடை ஒன்று. மனிதர் பேசும் மொழியில் கேட்ட கேள்விக்கு அத்தரவிலிருந்து விடை எடுத்துத் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் மற்றொன்று. இரண்டும் மெய்யான முன்னேற்றங்களே. ஆனால் இவை பயன் தருவதற்கு முன் செய்து முடிக்கவேண்டிய ஒரு பணி இருக்கிறது. அதைக் கணினியியலின் பெருமக்களுள் ஒருவர் 1974ஆம் ஆண்டிலேயே தெளிவாக எழுதி வைத்தார். அவர் எழுதியதை இன்றைய அவசரத்தில் பலரும் எடுத்துப் பார்ப்பதில்லை என்பதே என் கவலை.

நிறுவனத்தின் தரவிலிருந்து முடிவெடுக்க உதவும் செய்தியைப் பெறும் வணிக நுண்ணறிவு என்னும் கருத்து அந்த 1974ஐவிடவும் பழையது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1958இல் அப்பெயரிலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கடன் அட்டை எண்களின் மெய்ம்மையைச் சோதிக்க இன்றும் வழங்கும் கணக்குமுறையை வகுத்தவரும் அவரே. அவர் எண்ணிய அமைப்பு விற்பனைக் கணக்குப் போடுவதன்று. நிறுவனத்துக்குள் வரும் ஆவணங்களைப் பொறியே படித்து, சுருக்கம் எடுத்து, எவருக்கு எது தேவையோ அவரிடம் அதைச் சேர்ப்பிப்பது. அன்றைய கணினிகளால் அதைச் செய்து காட்ட இயலவில்லை. பின்வந்த பதிற்றாண்டுகளில் வணிக நுண்ணறிவு என்பது எண் அட்டவணைகளையும் வரைபடங்களையுமே சுட்டலாயிற்று. உரையைப் படிக்கவல்ல மொழி மாதிரிகள் வந்துவிட்ட இந்நாளில், லூன் விட்ட இடத்துக்கே அத்துறை சுற்றி வந்திருக்கிறது.

எண்களின் பக்கத்தை ஒழுங்குபடுத்தியவர் எட்கர் காட். இங்கிலாந்தின் போர்ட்லாந்தில் 1923இல் பிறந்து, இரண்டாம் உலகப்போரில் வானூர்தி ஓட்டி, பின் ஐபிஎம்மில் சேர்ந்த கணிதவியலாளர். தரவு எந்த வட்டில் எந்த வரிசையில் கிடக்கிறது என்பது பயன்படுத்துவோர் அறியத் தேவையற்றது. எல்லாம் அட்டவணைகளாக நிற்கட்டும். அட்டவணைகளைத் தருக்க விதிகளால் இணைத்து வேண்டியதைப் பெறுவோம் என்று 1970இல் அவர் எழுதினார். அதன்மேல் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்டு பாய்சும் 1974இல் அமைத்த வினவல் மொழியே இன்றைய எஸ்க்யூஎல்லுக்குத் தாய். எட்கர் காட்டுக்கு 1981இல் கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது.

ஆனால் அன்றாட அலுவலைப் பதிவதற்கு ஏற்ற அட்டவணை அமைப்பு, ஆண்டு முழுவதையும் திரும்பிப் பார்க்கும் அறிக்கைக்கு ஏற்றதாய் இருப்பதில்லை. விற்பனைக் கூடத்தில் பணம் வாங்குபவர் ஒரு நேரத்தில் ஒரு பதிவைத் தொடுகிறார்; மேலாளரின் அறிக்கையோ கோடிப் பதிவுகளில் இரண்டு மூன்று நிரல்களை மட்டும் தேடுகிறது. இவ்விரண்டையும் பிரிக்க வேண்டுமென்று பாரி டெவ்லினும் பால் மர்ஃபியும் 1988இல் ஐபிஎம் இதழில் ஒரு கட்டமைப்பை வரைந்தனர். பில் இன்மன் 1992இல் தரவுக் கிடங்கு பற்றிய தம் நூலை வெளியிட்டார். ரால்ஃப் கிம்பல் 1996இல் வெளியிட்ட நூலில், நடுவே நிகழ்வுகளின் அட்டவணையும் சுற்றிலும் நாள், பொருள், இடம், வாடிக்கையாளர் என்னும் விளக்க அட்டவணைகளும் நிற்கும் விண்மீன் வடிவத்தை விரித்துரைத்தார். இன்றும் நல்ல அறிக்கையின் அடியில் பெரும்பாலும் அந்த விண்மீனே இருக்கிறது.

கிடங்குக்கு ஒரு குறை உண்டு. உள்ளே வைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் வகைப்படுத்தியாக வேண்டும். படமும் ஒலியும் எந்திரங்களின் உணரிப் பதிவுகளும் பெருகியபோது, கிடைத்ததைக் கிடைத்தபடியே மலிவான சேமிப்பில் கொட்டி வைக்கும் தரவு ஏரிகள் எழுந்தன. மலிவு கிடைத்தது, ஒழுங்கு போயிற்று. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் படித்தால் அரைகுறைத் தரவு கையில் வந்தது. இதற்குக் கண்ட தீர்வு எளிமையும் அழகும் உடையது. தரவு பார்க்கே போன்ற திறந்த வடிவில் நிரல் நிரலாகக் கோப்புகளில் கிடக்கும். எந்தெந்தக் கோப்புகள் இக்கணத்தில் செல்லும் என்பதை அருகிலுள்ள ஒரு பதிவேடு எண்ணிட்டு வரிசையாகக் குறித்துவரும். பதிவேட்டில் புதிய குறிப்பு விழும்வரை புதிய கோப்பு எவர் கண்ணுக்கும் தெரியாது. பழைய குறிப்பைப் பிடித்துக்கொண்டு சென்ற மாதம் அட்டவணை எப்படி இருந்தது என்றும் பார்க்கலாம். டேட்டாபிரிக்ஸ் 2019இல் திறந்த மூலமாக வெளியிட்ட டெல்டா லேக், நெட்ஃபிளிக்சில் பிறந்த ஐஸ்பெர்க் ஆகியவை இவ்வழியில் வந்தவை. மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதம் அறிவித்து நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்குத் தந்த ஃபேப்ரிக், நிறுவனம் முழுமைக்கும் ஒன்லேக் என்னும் ஒரே சேமிப்பை வைத்து, பொறியாளரும் கணக்காளரும் பவர் பிஐ என்னும் அறிக்கைக் கருவியும் அந்த ஒரே படியைத் தொடும்படி செய்கிறது. வேறிடத்துத் தரவைப் படியெடுக்காமல் சுட்டிக் காட்டும் வசதியும் அதில் உண்டு. கோப்பிலிருந்து கோப்புக்குத் தாவும் ஒவ்வொரு படியிலும் ஒரு 65,536 காத்திருக்கக்கூடும் என்பதை நினைத்தால், படிகள் குறைவதே பெரிய பேறு.

ஆயினும் தரவு ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் பொருளும் ஒன்றாகிவிடும் என்று நம்புவது தவறு. திருப்பூரில் பின்னலாடை தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தை எண்ணிப் பார்ப்போம். கணக்கு டேலியில் இருக்கும். சாயப்பட்டறைக்குப் போய்வரும் துணியின் எடை எக்செலில் இருக்கும். வெளிநாட்டு வாங்குவோரின் ஆர்டர்கள் மின்னஞ்சலில் இருக்கும். வந்து சேர்ந்த டாலரும் யூரோவும் வங்கியின் கணக்கு அறிக்கையில் இருக்கும். இவை அனைத்தும் ஒரு மேடைக்கு வந்துவிட்டதாகவே கொள்வோம். மார்ச் 30ஆம் நாள் பெட்டிகள் கட்டப்பட்டு லாரி ஏறுகின்றன. தூத்துக்குடியில் அவை கப்பல் ஏறுவது ஏப்ரல் 3. பணம் வருவது சூன் மாதத்தில். இந்தியாவின் நிதியாண்டு மார்ச் 31உடன் முடிகிறது. அப்படியானால் இந்த விற்பனை எந்த ஆண்டைச் சேர்ந்தது? உற்பத்திப் பிரிவு லாரி ஏறிய நாளைச் சொல்லும். ஏற்றுமதி ஆவணங்களைப் பார்ப்பவர் கப்பல் ஏறிய நாளைச் சொல்வார். கையிருப்பை எண்ணிக் கவலைப்படும் முதலாளி பணம் வந்த நாளையே கருதுவார். டாலரை எந்த நாளின் மதிப்பில் ரூபாயாக்குவது, வாங்குவோர் தரக்குறைவென்று பிடித்துக்கொண்ட தொகையை எதில் கழிப்பது, உள்நாட்டு விற்பனையில் சரக்கு மற்றும் சேவை வரியைச் சேர்ப்பதா விடுவதா என்று கேள்விகள் தொடரும். மூவரும் ஒரே மேடையில் ஒரே தரவைப் பார்த்துக்கொண்டே மூன்று தொகைகளைச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் அதனதன் வேலைக்குச் சரியானதே.

இந்த நிறுவனத்தில் ஒருவர், "சென்ற நிதியாண்டில் நம் விற்பனை எவ்வளவு?" என்று உதவியாளரைக் கேட்கிறார். அது மூன்றில் ஒன்றைத் தானே தேர்ந்துகொண்டு, தயக்கமின்றி, நல்ல தமிழில், இரண்டு தசமம் வரை விடை தந்துவிடும்.

இதைவிட நுண்ணிய பிழையும் உண்டு. அதை எண்களோடு பார்த்தால்தான் விளங்கும். இரண்டு விலைப்பட்டியல்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் மூன்று பொருள்கள்: 40,000, 25,000, 15,000 ரூபாய், முழுப் பட்டியலுக்கும் லாரி வாடகை 3,000. இரண்டாவதில் ஒரே பொருள், 50,000 ரூபாய்; லாரி வாடகை 2,000. பட்டியலின் பொதுச் செய்திகள் ஓர் அட்டவணையிலும் பொருள் வரிகள் வேறோர் அட்டவணையிலும் இருக்கும். வாடகை முதல் அட்டவணையில் இருக்கிறது. இரண்டையும் பட்டியல் எண்ணைக் கொண்டு இணைத்தால், பொருள் வரி ஒவ்வொன்றுக்கும் எதிரே வாடகை ஒருமுறை வந்து நிற்கும். அப்படியே கூட்டினால் பொருள்களின் தொகை 1,30,000 என்று சரியாகவே வரும். வாடகையோ 5,000க்குப் பதிலாக 11,000 ஆகிவிடும், முதல் பட்டியலின் 3,000 மூன்று முறை எண்ணப்பட்டுவிட்டதால். வினவலில் இலக்கணப் பிழை இல்லை. தரவுத்தளம் குறை சொல்லாது. தொகையும் நம்பத்தகாத அளவுக்குப் பெரிதாய் இராது. பல பொருள் கொண்ட பட்டியல்கள் மிகும் மாதத்தில் வாடகை கூடியதாகத் தோன்றும். அதைப் பார்த்து லாரிக்காரரிடம் பேரம் பேசக் கிளம்புவார்கள். எஸ்க்யூஎல் அறிந்தவர் இந்தக் கண்ணியை முதலாண்டிலேயே கற்றுக்கொள்கிறார். மொழி மாதிரியும் பலமுறை தப்பிக்கிறது, சிலமுறை விழுகிறது. எப்போது விழும் என்பதை விடையின் தோற்றத்திலிருந்து அறிய வழியில்லை.

மனித மொழியில் தரவைக் கேட்கும் முயற்சி புதிதன்று. எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் 1961இல் உருவான பேஸ்பால் என்னும் மென்பொருள், அமெரிக்கன் லீக் என்னும் பேஸ்பால் போட்டியின் ஓர் ஆண்டு ஆட்டங்களைப் பற்றிய ஆங்கிலக் கேள்விகளுக்கு விடை சொன்னது. அதைவிட வியப்பூட்டியது வில்லியம் வுட்சின் லூனார். அப்பல்லோ 11 கொண்டுவந்த நிலாக் கற்களின் வேதியியல் பகுப்பாய்வைத் தரவாகக் கொண்டு, புவியியலாளர் தம் நடையிலேயே கேட்பதற்கு அது விடையளித்தது. 1971 சனவரியில் ஹூஸ்டனில் நடந்த நிலா அறிவியல் மாநாட்டில் அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அறிஞர்கள் 111 கேள்விகள் கேட்டனர். 78 விழுக்காட்டுக்குச் சரியான விடை வந்தது. அகராதியில் நேர்ந்த சிறு பிழைகளைத் திருத்தியபின் அது 90 விழுக்காடாகியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன், இன்றைய கைக்கடிகாரத்தின் ஆற்றல்கூட இல்லாத கணினியில்! அந்த வெற்றிக்குக் காரணம் களத்தின் குறுகலே. நிலாக்கல், கனிமம், தனிமம், செறிவு என்னும் சொற்களுக்குப் புவியியலாளரிடையே கருத்து வேற்றுமை கிடையாது.

அட்டவணை உலகை அமைத்த காட், இந்த வழியையும் ஆழ்ந்து எண்ணினார். கோர்சிகாவின் கார்ழேசு என்னும் ஊரில் 1974இல் நடந்த மாநாட்டில் அவர் அளித்த கட்டுரை, எப்போதாவது வந்து கேட்கும் எளிய பயனர் தரவுத்தளத்தைச் சந்திப்பதற்கான ஏழு படிகளை வகுக்கிறது. எளிய தரவு மாதிரி வேண்டும்; கேள்வியை உள்ளுக்குள் பெயர்க்க உயர்நிலைத் தருக்க மொழி வேண்டும் என்பவை முதல் இரண்டு. அவை இன்று எங்கும் கைவந்துவிட்டன. மூன்றாவது, ஐயம் எழுந்தால் பொறியே எதிர்க்கேள்வி கேட்டுத் தெளிவு பெறவேண்டும். அந்த உரையாடலுக்கு எல்லையும் வேண்டும். நான்காவது, தான் புரிந்துகொண்ட கேள்வியைப் பொறி தன் சொற்களில் பயனரிடம் திருப்பிச் சொல்லவேண்டும். ஐந்தாவது, கேள்வியை வடிப்பதும் தரவைத் தேடுவதும் தனித்தனிப் பணிகளாக நிற்கவேண்டும். ஆறாவது, உரையாடல் முட்டி நின்றால் தெரிவுகளைப் பட்டியலிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்லவேண்டும். ஏழாவது, புதிய சொல்லுக்கு வரையறை தந்து வைக்கும் வசதி வேண்டும்.

நான்காவதை இரண்டு மூன்று முறை படிக்கவேண்டும். விடை வருவதற்கு முன்பே, "ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை கப்பல் ஏறிய சரக்கின் மதிப்பை, கப்பல் ஏறிய நாளின் டாலர் மதிப்பில், பிடித்தங்களைக் கழிக்காமல் கேட்கிறீர்கள். சரிதானா?" என்று பொறி கேட்டால், தரவுத்தளம் அறியாத முதலாளியும் தவறைப் பிடித்துவிடுவார். வினவலைப் படிக்க அவருக்குத் தெரியாது. தம் தொழிலை அவருக்கு நன்றாகத் தெரியும். திருப்பிச் சொல்லப்பட்ட கேள்விதான் அவருடைய அறிவு உள்ளே நுழையும் வாயில். காட் தம் தோழர்களுடன் ரான்டெவூ என்ற பெயரில் இதைச் செய்துகாட்டினார். அக்காலப் பொறிகளுக்கு மொழி நெகிழ்ச்சி போதாமையால் அது பரவவில்லை. அந்த நெகிழ்ச்சி இன்று கிடைத்திருக்கிறது. திருப்பிச் சொல்லும் பழக்கத்தைத்தான் பல மென்பொருள்கள், விடை விரைவாக வரவேண்டுமென்ற ஆவலில், கைவிட்டிருக்கின்றன.

இன்றைய உதவியாளர் எப்படி இயங்குகிறது? 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பின் வழிவந்த பெருமொழி மாதிரி ஒன்று அதன் உள்ளே இருக்கிறது. இதுவரை வந்த சொற்களைக் கொண்டு அடுத்து வரத்தக்க சொல்துண்டைக் கணிப்பதே அதன் அடிப்படைத் தொழில். ஆகவே கோடிப் பதிவுகளைக் கூட்டும் பணியை அதனிடமே விடக்கூடாது. நல்ல அமைப்பில் அது கூட்டுவதில்லை. அட்டவணைகளின் பெயரும் நிரல்களின் பெயரும் விளக்கங்களும் அதற்குத் தரப்படுகின்றன. அது வினவலை எழுதுகிறது. தரவுத்தளம் அவ்வினவலை இயக்கி எண்ணைத் தருகிறது. அந்த எண்ணை மாதிரி மீண்டும் வாங்கிச் சொற்றொடராகவும் வரைபடமாகவும் அளிக்கிறது. எண்ணும் பணி எண்ணத் தெரிந்த பொறியிடமும், பேசும் பணி பேசத் தெரிந்த பொறியிடமும் இருப்பது இந்த ஏற்பாட்டின் சிறப்பு. காட் சொன்ன ஐந்தாம் படி இதுவே. யாராவது ஓர் எக்செல் தாளை அப்படியே உரையாடல் பெட்டியில் ஒட்டி, "கூட்டிச் சொல்" என்று கேட்பதும், இவ்வழியில் கேட்பதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும். முதலாவதில் விடை கணிப்பாகவும் இருக்கக்கூடும். இரண்டாவதில் விடை கணக்கு.

இந்த உதவியாளர்கள் எவ்வளவு சரியாக வினவல் எழுதுகின்றன என்பதற்கு அளவைகள் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஸ்பைடர் தொகுப்பில் 200 தரவுத்தளங்களும் 10,181 கேள்விகளும் இருந்தன. ஆறே ஆண்டுகளில் மாதிரிகள் அதில் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டின. அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று எண்ணியவர்கள் உண்டு. 2023இல் வந்த பேர்டு தொகுப்பு, உண்மை உலகின் அழுக்கோடு கூடிய 95 தரவுத்தளங்களை வைத்தது, 12,751 கேள்விகள். அது வெளிவந்தபோது ஜிபிடி-4 என்னும் மொழி மாதிரி பெற்றது 54.89 விழுக்காடு, அதே தேர்வில் மனிதர் பெற்றது 92.96. அடுத்த ஆண்டில் வந்த ஸ்பைடர் 2.0, ஆயிரத்துக்கு மேற்பட்ட நிரல்கள் கொண்ட நிறுவனத் தரவுத்தளங்களையும் நூறு வரிக்கு மேல் நீளும் வினவல்களையும் வைத்தபோது, அந்நாளின் வலுவான மாதிரி ஐந்தில் ஒன்றளவே தேறியது. இந்த எண்கள் மாதந்தோறும் உயர்கின்றன, இன்னும் உயரும். ஆனால் களம் அகல அகல மதிப்பெண் சரியும் போக்கைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். லூனார் வென்றதற்கும் இன்றைய மாதிரிகள் தடுமாறுவதற்கும் காரணம் ஒன்றே: களத்தின் அளவு.

டேட்டா.வேர்ல்டு நிறுவன ஆய்வாளர்கள் 2023இல் செய்த சோதனை இதற்கு மறுபக்கத்தைக் காட்டியது. காப்பீட்டுத் துறைத் தரவுத்தளம் ஒன்றின்மேல் ஜிபிடி-4ஐ நேரடியாக வினவல் எழுதச் சொன்னபோது 16.7 விழுக்காடு சரியாக வந்தது. பாலிசி என்பது எது, உரிமைகோரல் என்பது எது, ஒன்று மற்றொன்றோடு எவ்வாறு தொடர்புறுகிறது என்று பொருளுறவுகளை எழுதிய அறிவு வரைபடத்தை இடையில் வைத்ததும் 54.2 ஆயிற்று. மாதிரி அதேதான், தரவும் அதேதான். எழுதிவைத்த பொருள் மட்டும் கூடியது. தரவுக்கும் பயனருக்கும் நடுவே இவ்வாறு நிற்பதைப் பொருள் அடுக்கு என்கிறோம். "விற்பனை" என்றால் இந்த அட்டவணையின் இந்த நிரல், இந்தக் கழிவுகளுக்குப் பின், இந்த நாளைக் கொண்டு என்று ஒருமுறை எழுதி, ஒருவர் பொறுப்பேற்று ஒப்பமிட்டு வைப்பது அது. லாரி வாடகையைப் பட்டியல் அளவில்தான் கூட்டவேண்டும் என்ற விதியும் அங்கேயே இருந்துவிட்டால், மேலே சொன்ன 11,000 பிறக்கவே வழியில்லை. காட் வகுத்த ஏழாம் படி இதன் வித்து.

இதை எழுதுவது யார் வேலை? மென்பொருள் விற்பவரால் இது முடியாது. மார்ச் மாத இறுதியில் துறைமுகத்தில் என்ன நடக்கும் என்று அறிந்த ஏற்றுமதிப் பொறுப்பாளர், தணிக்கையாளரின் கேள்விகளை எதிர்கொண்ட கணக்காளர், சாயப்பட்டறையில் எடை எப்படிக் குறையும் என்று அறிந்த மேற்பார்வையாளர் ஆகியோர் அமர்ந்து வழக்காடி முடிவுசெய்ய வேண்டியது. அவர்கள் பேசும் தமிழிலேயே அது எழுதப்படவேண்டும் என்பது என் விருப்பம். மொழி மாதிரிகள் தமிழைப் படிக்கும் நிலைக்கு வந்துவிட்டன. வரையறையை ஆங்கிலத்தில் மட்டும் வைத்தால், அதைச் சரிபார்க்கத் தகுந்த அறிவுடையோர் பலர் வெளியே நின்றுவிடுவர்.

"எவ்வளவு" என்பதைவிட "ஏன்" என்ற கேள்வி இடர் மிக்கது. விற்பனை ஏன் குறைந்தது என்று கேட்டால் உதவியாளர் காரணம் ஒன்றை அழகாக எழுதித் தரும். கலிஃபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் 1973ஆம் ஆண்டு மேற்படிப்புச் சேர்க்கைக் கணக்கை நினைவிற்கொள்வது நல்லது. விண்ணப்பித்த ஆடவரில் 44 விழுக்காட்டினரும் பெண்டிரில் 35 விழுக்காட்டினரும் சேர்க்கப்பட்டனர். மொத்தத்தைப் பார்த்தவர் பெண்களுக்கு எதிரான ஓரவஞ்சனை என்றே முடிவுகட்டுவர். பிக்கல், ஹேமல், ஓகானல் ஆகிய மூவர் துறைவாரியாகப் பிரித்துப் பார்த்து 1975இல் சயன்ஸ் இதழில் எழுதினர். பெரும்பாலான துறைகளில் அத்தகைய சாய்வு தென்படவில்லை. இடம் கிடைப்பதே அரிதான துறைகளுக்குப் பெண்கள் மிகுதியாக விண்ணப்பித்திருந்தனர். மொத்தக் கணக்கும் பிரித்த கணக்கும் எதிரெதிர்த் திசையில் கைகாட்டும் இந்த நிலை வணிகத் தரவில் அடிக்கடி வரும். எந்தப் பிரிவைப் பார்க்கவேண்டும் என்பது தரவுக்குள் எழுதியிருப்பதில்லை. ஆகவே காரணம் சொல்லும் பத்திகளை அறிக்கையில் நேரே சேர்க்காமல், ஆராயத்தக்க கருத்துகளாக மட்டும் தனியே வைப்பது என் பரிந்துரை.

பாதுகாப்பைப் பற்றிச் சுருங்கச் சொல்லிவிடலாம். உதவியாளர் தனக்கென்று எல்லாம் வல்ல கணக்கில் தரவுத்தளத்துக்குள் நுழையக்கூடாது. கேட்பவருக்கு எந்த நிரைகளைக் காண உரிமையுண்டோ அந்த உரிமையோடுதான் நுழையவேண்டும். இல்லாவிடில் கிளை ஊழியர் ஒருவர் முழு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலை ஒரு கேள்வியில் பெற்றுவிடுவார். படிக்கும் உரிமை போதும். அழிக்கும், மாற்றும் உரிமை தேவையில்லை. தரவுக்குள் கிடக்கும் உரையும் கேடு செய்யக்கூடும். வாடிக்கையாளர் எழுதிய குறைக்குறிப்பில் "முன்சொன்ன கட்டளைகளை விட்டுவிட்டு இதைச் செய்" என்று ஒரு வரி இருந்தால், அதையும் கட்டளையென்று மாதிரி எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. இதற்கு முழுமையான மருந்து இன்னும் கண்டறியப்படவில்லை. உரிமைகளைக் குறுக்குவதே இப்போதுள்ள உறுதியான காப்பு.

இவ்வளவு சொன்னபின்னும் இந்தக் கருவிகளை நான் வரவேற்கிறேன். ஓர் எண்ணுக்காகத் தகவல் பிரிவின் வாசலில் நாள்கணக்கில் காத்திருந்தவர் இன்று தம் மேசையிலேயே கேட்கிறார். கேட்டதைத் தொடர்ந்து அடுத்ததைக் கேட்கிறார். அந்தத் தொடர்ச்சியில்தான் தொழிலைப் பற்றிய எண்ணம் வளர்கிறது. அறிக்கையில் விடைக்கு அருகே, இயக்கிய வினவலும், பயன்படுத்திய வரையறையும், அதற்குப் பொறுப்பானவர் பெயரும், தரவு கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரமும் இருக்கவேண்டும். 2020இல் இங்கிலாந்தில் அன்றாட எண்ணிக்கையோடு, வந்த பதிவுகள் இத்தனை, ஏற்றிய பதிவுகள் இத்தனை என்ற இரண்டு எண்கள் அருகருகே அச்சாகியிருந்தால், பிழை முதல் நாளிலேயே பிடிபட்டிருக்கும்.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு தேர்வுத்தாளை அமைத்துக்கொள்ளலாம். பழைய ஆண்டுகளின் தணிக்கை முடிந்த கணக்கிலிருந்து, விடை ஐயமின்றித் தெரிந்த கேள்விகள் சிலவற்றைத் தொகுத்து வைக்கவேண்டும். மாதிரி புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும், அட்டவணை அமைப்பு மாறும் ஒவ்வொரு முறையும் அவற்றை மீண்டும் கேட்டுப் பார்க்கவேண்டும். ஒரே கேள்வியைச் சொல் மாற்றியும், தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்டு, ஒரே எண் வருகிறதா என்று காணவேண்டும். அத்தாளில், நிறுவனம் என்றுமே பதிவு செய்யாத ஒன்றைப் பற்றிய கேள்விகளையும் கலந்து வைப்பது நல்லது. ஆடையை அணிபவரின் அகவை சராசரியாக எத்தனை என்று பின்னலாடை நிறுவனத்தின் உதவியாளரைக் கேட்கலாம். அதற்கான தரவு இல்லை என்று அது சொல்கிறதா, அல்லது ஏதோ ஓர் எண்ணைத் தருகிறதா என்று பார்க்கலாம்.